நான்கு வீடுகளில் எதை வாங்குவது? கோலாலம்பூர்த் தெருக்களை வைத்து ஒரு கணக்கு

என் தங்கை மகன் வீடு வாங்கப் போகிறான். அவனுக்குக் கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் வட்டாரத்தில் அலுவலக வேலை. மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எந்த மாவட்டத்துக்கு எப்போது மாற்றல் வரும் என்று சொல்ல முடியாது. தொடக்கப்பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள், கூடவே கார் ஓட்டத் தெரியாத என் தங்கை. அவர்கள் முன் நான்கு தேர்வுகள் இருக்கின்றன: செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு; பெட்டாலிங் ஜெயாவில் எண்ணிட்ட குடியிருப்புப் பகுதியாகிய பழைய செக்‌ஷன் ஒன்றில் மாடியில்லாத வரிசை வீடு; பூச்சோங்கில் எல்ஆர்டி (இலகு நகர ரயில்) நிலையத்தை ஒட்டியிருப்பதாக விளம்பரம் செய்யப்படும் கொண்டோமினியம்; செமினியில் வேலியும் காவலும் கொண்ட புதிய இரட்டை மாடி வீடு.

அவன் போட்டுக் கொண்டுவந்த அட்டவணையில் விலை, சதுர அடி, அறைகள், மாதத் தவணை, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இந்த நான்கு இடங்களின் தெருக்களும் நான்கு வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கத்தோடு போடப்பட்டவை என்பது மட்டும் அதில் இல்லை. வாங்கிய பிறகு சமையலறையைப் பின்னால் நீட்டலாம், கூரையை மாற்றலாம், முடிந்தால் மாடியே எழுப்பலாம். வாசலுக்கு வெளியே ஓடும் தெரு எங்கே போய் முடிகிறது என்பதை நம் பணத்தால் மாற்ற முடியாது. ஆகவே அந்த அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்த்து, அதற்கே முதலிடம் கொடுக்கச் சொன்னேன்.

சந்திகளை எண்ணுவது

இதற்கு நகரமைப்புப் பட்டம் தேவையில்லை. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, பார்க்கப் போகும் வீட்டைச் சுற்றி நடக்கக்கூடிய தூரத்துக்குள் எத்தனை நாற்சந்திகள், எத்தனை முச்சந்திகள், எத்தனை முட்டுச்சந்துகள் என்று பார்த்தால் போதும். நாற்சந்திகள் மிகுந்த இடத்தில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவில் போகலாம். முட்டுச்சந்துகள் மிகுந்த இடத்தில் எல்லாச் சிறு தெருக்களும் ஒரு நடுத்தரச் சாலையில் விழும். அது ஒரு பெரிய சாலையில் விழும். அங்கே ஒரு லோரி கவிழ்ந்தால் தாமானே, அதாவது குடியிருப்பு முழுவதுமே, வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதான்.

இன்னொரு அளவும் உண்டு. வீட்டிலிருந்து கடைக்கு நேர்கோட்டில் எவ்வளவு, தெரு வழியாக நடந்தால் எவ்வளவு? இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமாக வெட்டிக்கொள்ளும் இடத்தில் இந்த எண் எவ்வளவு மோசமானாலும் ஏறக்குறைய 1.41ஐத் தாண்டாது, எல்லாத் திசைகளுக்கும் சராசரி எடுத்தால் 1.27 வரும். இது வடிவியல், யாருடைய கருத்தும் அல்ல. முட்டுச்சந்துகளால் ஆன குடியிருப்பில் இதற்கு மேல்வரம்பே கிடையாது. பின்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீட்டாருக்கு இடையே ஒரு கிலோமீட்டருக்கு மேல் சாலைத் தூரம் இருக்க முடியும். என் சொந்த விதி இது: 1.4 வரை நல்லது, 1.7 வரை பொறுத்துக்கொள்ளலாம், 2ஐத் தாண்டினால் அந்தக் கடை பக்கத்தில் இருக்கிறது என்று வீட்டு முகவர் சொல்வதை மறந்துவிட வேண்டும்.

தெருப் பின்னலுக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் உள்ள உறவைப் பலர் அளந்திருக்கிறார்கள். ரீட் யூயிங், ராபர்ட் செர்வேரோ என்ற நகரமைப்பு ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் அதற்கு முன் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சந்திகளின் அடர்த்தி 10 விழுக்காடு கூடினால் மக்கள் நடப்பது ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுகிறது என்ற அளவில் ஒரு தொடர்பு தெரிந்தது. கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீ, ஆடம் மிலார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் தெருத் துண்டிப்பையே, அதாவது தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் போவதையே, நகரப் பரவலின் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் புதிய தெருக்களின் துண்டிப்பு 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறையத் தொடங்கியது என்று 2015இல் எழுதினார்கள். 2020இல் உலகம் முழுவதற்கும் பார்த்தபோது கிடைத்த படம் வேறு: 1975 முதல் உலகின் பெரும்பகுதியில் புதிதாகப் போடப்படும் தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் போய்க்கொண்டிருக்கின்றன. வேலியிட்ட குடியிருப்புகளுக்கும் அதில் பங்கு உண்டு. முட்டுச்சந்தை நமக்குக் கற்றுக்கொடுத்த நாடு அதிலிருந்து மெல்ல விலகுகிறது, நாமோ விலை கொடுத்து வாங்குகிறோம். ஒருமுறை போட்ட தெரு பல தலைமுறைகளுக்கு அப்படியே இருக்கும் என்பதையும் அவர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். கோலாலம்பூரிலேயே இதைப் பார்க்கலாம். 1881இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்த பிறகு செங்கல்லால் மீண்டும் கட்டினார்கள். ஆனால் பழைய சந்தைச் சதுக்கமான மேடான் பாசாரைச் சுற்றியுள்ள தெருக்களின் போக்கில் இன்றும் அந்தப் பழைய சந்தைதான் நடுவில் இருக்கிறது.

செந்தூல்: தண்டவாளத்துக்காகப் பிறந்த தெருக்கள்

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலான ரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு நம்மவர்கள் குடியேறிய பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் ரயில்வேயின் பிள்ளைகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் பணிமனைக்கு நடந்தே போனார்கள். கார் என்ற ஒன்றை மனத்தில் வைக்காமல் போட்ட தெருக்கள் இவை: குறுகியவை, அடிக்கடி வெட்டிக்கொள்பவை, கீழே கடையும் மேலே வீடும் உள்ளவை. கோயிலும் தேவாலயமும் பள்ளியும் சாப்பாட்டுக் கடையும் ஒரே நடையில் முடிந்துவிடும். திருவிழாவில் ரதம் ஒரு வழியாகப் போய் வேறொரு வழியாகத் திரும்பி வருவதற்கும் இப்படிப்பட்ட தெருக்கள் வேண்டும். முட்டுச்சந்துகள் நிறைந்த தாமானில் சாமி போன வழியிலேயே பின்னோக்கி வர வேண்டியிருக்கும்.

இந்த வட்டாரங்களை மட்டுமீறிப் புகழவும் கூடாது. உள்ளே பின்னல் நெருக்கம், ஓரங்களில் சுவர். பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு பக்கம் ரயில் நிலம், மறுபக்கம் கிள்ளான் ஆறு. செந்தூலைத் தண்டவாளம் இரண்டாகப் பிளந்து போட்டிருக்கிறது; மேற்கிலிருந்து கிழக்குக்குப் போக ஒரு சில இடங்கள்தான். ரயில் ஊர்களை இணைக்கும், ஊருக்குள்ளே பிரிக்கும். பொதுப் போக்குவரத்தை எவ்வளவு அலட்சியமாகப் பொருத்தியிருக்கிறோம் என்பதற்கும் இங்கேயே ஒரு சாட்சி உண்டு. கேஎல் சென்ட்ரல் நிலையம் 2001இல் திறந்தது, மோனோரயில் 2003இல் ஓடத் தொடங்கியது. இரண்டையும் நேராக இணைக்கும் கூரையிட்ட வழி 2014இல் நியூ சென்ட்ரல் கடைத்தொகுதி திறந்தபோதுதான் வந்தது. அதுவரை மோனோரயிலில் இறங்கியவர்கள் கட்டுமான வேலியைச் சுற்றி வெயிலிலும் மழையிலும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். வரைபடத்தில் அந்த இரண்டு நிலையங்களும் ஒட்டிக்கொண்டிருந்தன.

இன்றைய செந்தூலில் மேற்கிலும் கிழக்கிலும் நிலையங்கள் உண்டு: கொமுட்டர் ரயில், 1998இல் வந்த எல்ஆர்டி, 2023இல் திறந்த புத்ராஜெயா எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) தடத்தின் செந்தூல் பாராட். என் தங்கை மகன் கார் எடுக்காமலே வேலைக்குப் போய் வரலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒற்றை மாடி வீடுகளுக்காகப் போட்ட தெருவில் நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட கோபுரங்கள் எழுகின்றன. தெருவின் அகலம் மட்டும் அதேதான். மாலை நேரத்தில் ஜாலான் ஈப்போ சாலை நெரிசலில் நிற்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கார் நிறுத்த இடம் கேட்டு அண்டை வீட்டாரோடு மனஸ்தாபம் வரும் வாய்ப்பும் நான்கு இடங்களில் இங்குதான் அதிகம்.

பெட்டாலிங் ஜெயா: திட்டமிட்ட பழைமை

கோலாலம்பூர் நெரிசலைக் குறைக்க 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தை எடுத்துப் பெட்டாலிங் ஜெயாவை உருவாக்கினார்கள். பூங்கா நகரக் கொள்கையைச் சார்ல்ஸ் ரீட் என்ற நகரமைப்பாளர் மலாயாவுக்கு 1921இலேயே கொண்டுவந்திருந்தார். வளைந்த தெரு, நடுவில் திடல், ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் கடைவரிசை, பள்ளி என்ற வார்ப்பு இங்கே பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. எண்களால் ஆன தெருப் பெயர்களைப் பார்த்துப் புதியவர்கள் மிரள்வதுண்டு. ஆனால் அந்த எண்ணில் முதலில் வருவது செக்‌ஷன் என்று தெரிந்துவிட்டால் வழி தவறுவது கடினம்.

எனக்கு இந்த இடத்தின் மீது ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. தெருக்கள் நேராகவும் இல்லை, மூடியும் இல்லை. வீடுகளுக்குப் பின்னால் சந்து ஓடுகிறது. திடலின் ஓரமாக நடைபாதை ஒன்று இரண்டு தெருக்களைச் சேர்க்கிறது. கார் சுற்றிப் போக வேண்டிய இடத்தில் நடப்பவர் குறுக்கே போகலாம். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. சாலையின் பரபரப்பும் குறைகிறது, வழியும் அடைபடுவதில்லை. என் தங்கை காய்கறிக் கடைக்கும் கிளினிக்குக்கும் யாரையும் எதிர்பாராமல் போய்வரலாம். செக்‌ஷன் 4 பக்கம் என்றால் ஜாலான் சிலாங்கூர் பிள்ளையார் கோயிலும் நடை தூரத்தில் வந்துவிடும். தாமான் ஜெயா போன்ற எல்ஆர்டி நிலையங்களும் 1998 முதல் இருக்கின்றன.

குறைகள் மூன்று. முதலாவது, கூட்டரசு நெடுஞ்சாலை ஊரை இரண்டாக அறுத்துவிட்டது. பழைய நகரிலிருந்து புதிய நகருக்கு நடந்து போக நினைப்பவர் மேம்பாலத்தைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். ஆகவே ‘பிஜே’ என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. உங்கள் பள்ளியும் நிலையமும் நெடுஞ்சாலைக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இரண்டாவது, இந்த நிலங்களில் பல 99 ஆண்டுக் குத்தகை. 1950களிலும் 60களிலும் கொடுத்த குத்தகைக்கு இன்று முப்பது, நாற்பது ஆண்டுகளே மிச்சம். வங்கிகள் கடன் கொடுக்க யோசிக்கும்; புதுப்பிக்கப் பணம் கட்ட வேண்டும். நிலப்பட்டாவில் ஆண்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

மூன்றாவது குறை வரைபடத்தில் தெரியாது. பழைய தெருக்களும் இப்போது மூடப்படுகின்றன. வழிப்பறி, வீடு புகுந்து திருட்டு என்ற பயத்தில் குடியிருப்பாளர் சங்கங்கள் தெருமுனைகளில் எண்ணெய்ப் பீப்பாய்களையும் இரும்புக் கேட்டையும் வைத்து, ஒரே வழியைத் திறந்துவைத்து, அதில் காவல் சாவடி போடுகின்றன. நாற்சந்தியாக இருந்தது இப்படி முட்டுச்சந்தாகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் நன்றாகப் பின்னிய வட்டாரம் ஒரே வாரக் கூட்டத்தில் அவிழ்ந்துபோகலாம். வரைபடம் அதைக் காட்டாது. நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

பூச்சோங்: நெடுஞ்சாலை முதலில், ஊர் பிறகு

எல்டிபி எனப்படும் டாமான்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலை 1999இல் திறந்தது. அதன் இருபுறமும் பழைய ஈயச் சுரங்கங்களும் தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளாயின. ஒவ்வொரு மேம்பாட்டாளரும் தன் நிலத்தைத் தனியாகத் திட்டமிட்டு, நெடுஞ்சாலைக்கு ஒன்றோ இரண்டோ வாசல் வைத்துக்கொண்டார். பக்கத்து மேம்பாட்டாளரின் தெருவோடு தன் தெருவைச் சேர்ப்பதால் அவருக்கு ஒரு காசு லாபமில்லை. அதற்காக இரண்டு வீட்டு மனைகளை இழக்க வேண்டியிருக்கும். ஊராட்சி மன்றத்தின் மேசைக்கு வரைபடங்கள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. இப்படி உள்ளூர் நடமாட்டம் முழுவதும் நெடுஞ்சாலையில் ஏறி இறங்கும் நிலை உண்டாகிறது. பால் வாங்கப் போகிறவரும் ஷா ஆலம் போகிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பூச்சோங் நெரிசலுக்கு மக்கள் தொகை மட்டும் காரணமல்ல. மாற்று வழி என்று ஒன்று போடப்படவே இல்லை.

ரயில் 2015, 2016 ஆண்டுகளில் வந்தது. அம்பாங், ஸ்ரீ பெட்டாலிங் தடத்தை நீட்டிக் கின்ராரா, பூச்சோங் வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை கொண்டுபோனார்கள். நல்லதுதான். ஆனால் காருக்காகத் துண்டுபட்ட தெருக்களின் மேல் பின்னாளில் இறங்கிய ரயில் இது. ‘நிலையத்திலிருந்து 500 மீட்டர்’ என்ற விளம்பரம் பறவைக்குச் சொன்னது. நாற்சந்திகள் நிறைந்த ஊரில்கூட 800 மீட்டர் நடையில் எட்டக்கூடிய பரப்பு, அதே ஆரமுள்ள வட்டத்தில் ஏறக்குறைய 64 விழுக்காடுதான். இடையில் வடிகால், வேலி, ஆறு வழிச் சாலை எல்லாம் இருந்தால் அது எவ்வளவு சுருங்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அவன் பார்த்த கொண்டோமினியத்தின் வாசல் நிலையத்துக்கு எதிர்த் திசையில் இருந்தது. பின்பக்கம் ஒரு சிறு கதவு வைத்திருந்தால் ஐந்து நிமிடம். இல்லாததால் இருபது நிமிடத்துக்கு மேல். அந்தக் கதவு உண்டா, அதை நிரந்தரமாகத் திறந்துவைக்க நிர்வாகம் எழுத்தில் உறுதி தருமா என்பதைப் பொறுத்துத்தான் அந்த வீட்டின் உண்மையான மதிப்பு.

செமினி: ஒரே வாசல்

செமினி வீட்டைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் அவன் மனைவிக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. குறை சொல்ல முடியாத வீடு. நான்கு அறைகள், வாசலில் இரண்டு கார், உள்ளே பூங்கா, சைக்கிள் பாதை. இரவில் பிள்ளைகள் தெருவில் விளையாடலாம். முட்டுச்சந்துக்கு இந்த நன்மை உண்மையிலேயே உண்டு; அங்கே வேகமாக வரும் அந்நியக் கார் இல்லை. வீட்டில் தனியாக இருக்கும் பெண்களுக்குக் காவல் சாவடி தரும் நிம்மதியை ஆண்கள் ஏளனம் செய்யவும் கூடாது.

ஆனால் அதே அமைப்பை வேலிக்கு வெளியே நின்றும் பார்க்க வேண்டும். செமினியைச் சுற்றியவை பெரும்பாலும் தோட்ட நிலங்கள். ஒரு தோட்டம் முழுதாக விற்கப்பட்டால், தோட்டத்தின் எல்லையே நகரியத்தின் எல்லையாகிவிடுகிறது. எங்கள் தாத்தா காலத்துத் தோட்டத்திலும் பிரதான சாலையிலிருந்து ஒரே செம்மண் பாதை உள்ளே போகும், துரை பங்களாவைத் தாண்டித் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் முடியும். வருகிறவர் போகிறவர் கணக்கு தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணிக்குத் தெரியும். இன்று அந்த இடத்தில் தாரும் தடுப்புக் கட்டையும் வந்திருக்கின்றன, நுழைகிறவர் அடையாள அட்டையை நீட்டுகிறார். லயத்தை விட்டு வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பணம் கட்டி அதே வகை வாசலுக்குள் போகிறார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவன் மனைவி இதைக் கேட்டுவிட்டு, “அந்த லயத்தில் பூங்கா இருந்ததா மாமா?” என்றாள். நியாயமான கேள்வி.

இங்கே வீடு வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்ட வேறுபாடு ஒன்று இருக்கிறது. வேலியிட்ட குடியிருப்பு ஸ்ட்ராத்தா உரிமையில் (வீடு தனி உடைமை, பொது இடங்கள் கூட்டு உடைமை) அமைந்திருந்தால், உள்ளே இருக்கும் சாலை, விளக்கு, வடிகால் எல்லாம் குடியிருப்பாளர்களின் பொதுச் சொத்து. அவற்றைப் பழுது பார்ப்பதும் அவர்கள் செலவு. மதிப்பீட்டு வரியும் கட்ட வேண்டும், பராமரிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும்; பதினைந்து ஆண்டுகளில் சாலைக்குப் புதுத் தார் போட வேண்டி வந்தால் அந்தக் கட்டணம் ஏறும். பழைய தாமான்களில் சங்கம் வைத்து நடத்தும் காவல் வேறு வகை. அங்கே சாலைகள் பொதுச் சாலைகளே. காவலர் யாரையும் நுழையாமல் தடுக்க உரிமை கிடையாது, சந்தா கொடுக்காத வீட்டாரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. வீடமைப்பு அமைச்சு 2010இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறது. முகவர்கள் இரண்டையும் ஒரே வார்த்தையில் விற்கிறார்கள்.

இனி பணக் கணக்கு. செமினியிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஒரு வழி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலை நாள் என்றால் 1,760 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர், லிட்டர் 2 ரிங்கிட் என்றால் பெட்ரோலுக்கு மட்டும் ஏறக்குறைய 246 ரிங்கிட். டோல், நிறுத்துமிடம், டயர், சர்வீஸ் இதில் இல்லை. செந்தூலிலிருந்தோ பெட்டாலிங் ஜெயாவிலிருந்தோ 50 ரிங்கிட் மாதப் பயண அட்டை போதும். காஜாங் எம்ஆர்டி 2017 முதல் முழுதாக ஓடுகிறது, செமினியிலிருந்து அங்கே போய் ஏறலாம் என்பார்கள். ஏறலாம், ஆனால் காஜாங் வரை காரில்தான் போக வேண்டும், நிறுத்த இடம் கிடைக்கக் காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

பெரிய செலவு பெட்ரோல் அல்ல, இரண்டாவது கார். துண்டுபட்ட தெருவில் ஒரு வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் எத்தனை பேரோ அத்தனை கார் வேண்டும். ஆசிரியைக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது ஆண்டு வரை தவணை. மலிவான வீட்டில் மிச்சமாகும் தொகையைக் கார் கடன் தின்றுவிடும். என் தங்கையின் நிலையோ இன்னும் மோசம். காலையில் எல்லாரும் போன பிறகு அந்த அழகான பூங்காவில் அவள் மட்டும். காவல் சாவடிக்கு வெளியே இருக்கும் கடைவரிசைக்குப் போக யாராவது திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் கிராப் வாடகைக் காரைக் கூப்பிட வேண்டும்.

தமிழ்ப்பள்ளி விஷயத்தில் செமினிப் பக்கத்துக்கு ஒரு சாதகம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். தோட்டங்களை விட்டு நம் மக்கள் நகரத்துக்கு வந்தார்கள், பள்ளிகள் பல அங்கேயே தங்கிவிட்டன. நகர விளிம்பில் புது நகரியங்கள் வரும் இடங்களில் அப்படிப்பட்ட பள்ளிகள் மீண்டும் பிள்ளைகளைப் பெறுகின்றன. வகுப்பறை நெரிசலும் குறைவாக இருக்கக்கூடும். ஆனால் அங்கேயும் பள்ளி வேனுக்கு ஒரே வாசல்தான்.

என் வரிசை

இந்தக் குடும்பத்துக்கு என் முதல் தேர்வு பெட்டாலிங் ஜெயா வீடு. நிபந்தனை ஒன்றே: குத்தகையில் மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்கு வங்கி முழுக் கடன் தருவதாக எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேரம் பேசி நேரத்தை வீணாக்காமல் செந்தூலுக்குப் போய்விடலாம். செந்தூல் வீடு சிறியது, வண்டி நிறுத்துவதில் தலைவலி. ஆனால் வீட்டில் இருக்கும் எல்லாரும், எட்டு வயதுக்காரன் முதல் என் தங்கை வரை, தாமாக எங்காவது போய்வர முடியும். பூச்சோங் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. பின்கதவு திறக்கும் என்றால் அது செந்தூலோடு போட்டி போடும், இல்லையென்றால் நான்காவது இடத்துக்கு இறங்கும். ஒரே கொண்டோமினியத்துக்கு இரண்டு தீர்ப்பு சொல்வது விந்தையாகத் தோன்றலாம், அவ்வளவு பெரிய வேறுபாட்டை அந்தச் சிறிய கதவு உண்டாக்குகிறது.

செமினியை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. காஜாங், பாங்கி, புத்ராஜெயா பக்கம் வேலை செய்கிற குடும்பம் என்றால் என் வரிசையே தலைகீழாக மாறும். அப்போதும் எல்லா நகரியமும் ஒன்றல்ல. இரண்டு வெவ்வேறு பெரிய சாலைகளில் திறக்கும் வாசல்கள் உண்டா, கடைவரிசையும் பள்ளி நிலமும் வேலிக்குள் நடை தூரத்தில் இருக்கின்றனவா, பக்கத்து நகரியத்தோடு நடப்பவருக்காவது ஒரு வழி உண்டா என்று கேட்க வேண்டும். விற்பனை மண்டபத்தில் வைத்திருக்கும் பொம்மை நகரத்தைப் பார்க்காமல், ஊராட்சி மன்றம் ஒப்புதல் அளித்த அமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘எதிர்காலச் சாலை’ என்று புள்ளிக்கோடு போட்டிருந்தால் அதைச் சாலையாக எண்ண வேண்டாம்.

எந்த இடமானாலும் வேலை நாளில் காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மழை பெய்யும் மாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். காரை வாசலில் விட்டுவிட்டு நிலையம் வரை நடங்கள். கூடவே வீட்டின் மூத்தவரை அழைத்துப் போனால் எந்த நடைபாதை பாதியில் நிற்கிறது, எந்த மேம்பாலத்தில் படிகள் மட்டும் இருக்கின்றன என்பது உடனே தெரிந்துவிடும்.

அவனும் அவன் மனைவியும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவள் சொல்லும் ஒரு காரணத்தை என்னால் தட்ட முடியவில்லை: செமினி வீடு நிலையான உரிமை நிலம், பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும், பெட்டாலிங் ஜெயா வீட்டின் குத்தகை அவள் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். புதுப்பிக்க எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று நில அலுவலகத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தொகை தெரியும் வரை யாரும் எங்கேயும் முன்பணம் கொடுப்பதில்லை என்று மட்டும் முடிவாகியிருக்கிறது.